லைனுக்கு ஒரே கார்டு

செவப்பு பிளாஸ்டிக் கார்டு. உள்ளங்கை அளவு இருக்கும், ஓட்ட போட்டு கயிறு கட்டி, நாங்க வேல செய்யிற லைன் மொனையில ஆணியில தொங்க விட்டிருப்பாங்க. அது கழுத்துல இருந்தாதான் கக்கூசுக்குப் போகலாம். பதினாறு பொம்பளைங்களுக்கு ஒரே கார்டு. தாலிக்கு அடுத்தபடியா நாங்க கழுத்துல மாட்டுனது இதுதான்டின்னு நான் சொல்லுவேன். தமிழ்ப் பிள்ளைங்க உடனே சிரிக்கும். மலாய்க்காரப் பிள்ளைங்களுக்கு யாராச்சும் அர்த்தம் சொல்லணும், அதுங்க கொஞ்சம் லேட்டா சிரிக்கும்.

அது பினாங்குத் தீவுல, பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரி. தலையிலேந்து கால் வரைக்கும் வெள்ளச் சட்ட மாட்டிக்கிட்டு, பூதக்கண்ணாடியில குனிஞ்சு, அரிசிய விட சின்ன சாமான்ல நல்லது எது கெட்டது எதுன்னு பிரிக்கிற வேல. எனக்குப் படிப்பு மூணாங்கிளாஸோட நின்னு போச்சு, வாய் மட்டும் நிக்கல. லைன்ல கண்ணு சொக்குனா எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவாங்க, ஏதாச்சும் சொல்லுக்கான்னு.

எங்க லீடர் என்னைய விட இருபது வயசு சின்னவ. கடலுக்கு அந்தப் பக்கம் தாசேக் கெலுகோர்லேந்து விடியிறதுக்கு முன்ன ஃபேக்டரி பஸ் ஏறி, பாலம் தாண்டி வருவா. ஏழு நிமிஷ சட்டம் அவ கொண்டாந்ததுதான். வெள்ளப் பலகையில எங்க பதினாறு பேரு பேரும் இருக்கும். கார்டு எடுத்துட்டுப் போனவ ஏழு நிமிஷத்துக்குள்ள வரலன்னா துணிய எடுத்து அவ பேர அழிச்சிடுவா. அழிச்சாச்சுன்னா மறுநாள் வரைக்கும் கார்டு கிடையாது. அந்த வெள்ளச் சட்டையக் கழட்டி மாட்டவே நாலு நிமிஷம் போயிடும் லா. சாமான் கணக்கு கொறஞ்சா சூப்பர்வைசர் அவளத்தான் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு ஏசுவாரு, அது எனக்கும் தெரியும். ஆனா ஒரு நா என் மகளுக்குக் காய்ச்சல். லாக்கர் பக்கம் போயி வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்தேன், பத்து நிமிஷம் ஆயிடுச்சு. காரணமே கேக்காம என் பேர அழிச்சா. அத நான் மனசுல வச்சுக்கிட்டேன்.

அப்புறம் அவளுக்குப் பிள்ள பொறந்துச்சு. மாசம் முந்திப் பொறந்த பொம்பளப் பிள்ள, ஒரு கையில அடங்கிடும். தாய்ப்பால மட்டும் விட்றாதன்னு கிளினிக்ல நர்ஸு திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருக்காங்க. ரெண்டு மாச லீவு முடிஞ்சு வேலைக்கு வந்தா. கையில ஒரு பம்பு, ரெண்டு போத்தல். கக்கூசு மூடி மேல உக்காந்து பால எடுத்து, கேண்டீன் ஐஸ்பெட்டியில வச்சு, சாயங்காலம் பஸ்ல மடியில வச்சு கொண்டு போகணும்னு அவ நெனப்பு.

மொத நாளு கார்டு எடுத்துட்டுப் போனவ பதினெட்டு நிமிஷம் கழிச்சு வந்தா. நான் சும்மா இருந்திருக்கலாம். பூதக்கண்ணாடியிலேந்து தலையத் தூக்காம, ஆனா லைன் முழுக்கக் கேக்குற மாதிரி, "லீடரம்மா, உங்க பேர யாரு அழிக்கிறது? நீங்களே அழிக்கிறீங்களா, இல்ல நாங்க சூப்பர்வைசரக் கூப்புடுறதா?"ன்னேன். பதினஞ்சு பேரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே துணிய எடுத்து, தன் பேரத் தானே அழிச்சா.

அஞ்சாவது நாளு நின்ன எடத்துலயே ஒதறிக்கிட்டு கீழ விழுந்துட்டா. நானும் ஒரு மலாய்க்கார அக்காவும் லாக்கர் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி வெள்ளச் சட்டையக் கழட்டுனோம். உள்ள மார சுத்தி பழைய துணிய இறுக்கிக் கட்டியிருக்கா. துணி நனஞ்சு கெடக்கு. தொட்டா மாரு கல்லு மாதிரி, கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. அந்த மொத நாளுக்கு அப்புறம் அவ கார்டத் தொடவே இல்லன்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு.

"ஏன்டி, கார்டு ஆணியிலதானடி தொங்குது?"ன்னேன்.

"என் சட்டம்தானக்கா. நானே மீறுனா உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

என்னைய ஒரு வார்த்த குத்தம் சொல்லல. சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ஒரு வாரம் டாக்டர் குடுத்த எம்சி லீவு எடுத்துட்டு வந்தா. மருந்து, ஊசி, காய்ச்சல்னு பாலு வத்திப் போச்சு. வந்த அன்னைக்கே நேரா சூப்பர்வைசர் ரூமுக்குப் போனா. கண்ணாடி ரூமு, சத்தம் கேக்காது. லீடருங்க போடுற நீலத் தொப்பியக் கழட்டி அவரு மேசையில வச்சா, அது மட்டும் தெரிஞ்சுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு தொப்பியோடதான் வெளிய வந்தா. கையில புதுசா ஒரு மஞ்சக் கார்டு. அத ஆணியில மாட்டி, "இது பிள்ள பெத்து வந்தவங்களுக்கு. இதுக்கு ஏழு நிமிஷக் கணக்கு கிடையாது"னா. அந்த வாரம் லைன்ல பால் குடுக்குற பொம்பள ஒருத்தி கூட இல்ல. இருந்த ஒருத்திக்குத்தான் வத்திப் போச்சே.

எல்லாரும் என் பக்கம் திரும்புனாங்க, நான் என்ன சொல்லப் போறேன்னு. நான் பூதக்கண்ணாடியில குனிஞ்சுக்கிட்டேன்.

"என்னக்கா, உன் வாய்க்கும் எம்சியா?"ன்னா லீடர். எல்லாரும் சிரிச்சாங்க.

பஸ்ஸுக்கு நிக்கும்போது பக்கத்துல போயி, "பாப்பா எப்படி இருக்கு?"ன்னேன்.

"டின் பால் குடிக்குதுக்கா. எட கூடிடுச்சு, நல்லாத்தான் இருக்கு." அப்புறம் சொன்னா, "நெஞ்சு மேல போட்டுக்கிட்டா மட்டும் இன்னும் தேடுது."

இப்ப என் மருமக செபராங் ஜெயாவுல ஆபீஸ் வேலைக்குப் போறா. நாங்க இருக்குற சுங்கை பினாங்லேந்து பாலம் தாண்டி அவ அந்தப் பக்கம் போறா, பேரன் என்கிட்ட இருக்கான். அவ ஆபீஸ்ல பால் எடுக்கவே தனி ரூமு, சோபா, ஐஸ்பெட்டி, உள்பக்கம் தாப்பா. கேக்கவே நல்லா இருந்துச்சு. போன வாரம் ஒரு நா பையத் தூக்கிட்டு வந்தா, போத்தல் ரெண்டும் காலி.

"மீட்டிங் நடுவுல எழுந்தேன் அத்தை. 'மேடத்துக்கு தூங்குற நேரமா'ன்னு ஒருத்தர் கேட்டாரு, எல்லாரும் சிரிச்சாங்க. அப்படியே உக்காந்துட்டேன். இனிமே அந்த ரூமு பக்கமே போக மாட்டேன்."

"போ"ன்னேன். "நாளைக்கும் எழுந்து போ. சிரிச்சவங்க அதோட மறந்துடுவாங்க. நீ மட்டும்தான் தூக்கிச் சொமப்ப."

"அது எப்படி அத்தை அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

அவகிட்ட லீடர் கதைய மொத்தமா சொன்னேன். முடிச்சப்புறம் கேட்டா, "அந்த நாலு நாளும் ஒருத்தருக்குக் கூடவா தோணல, அவங்க ஏன் கார்டு எடுக்கலன்னு?"

"எனக்குத் தோணியிருக்கணும்மா"ன்னேன். "நான் கேலி பண்ணுனத அன்னைக்கு சாயங்காலம் பஸ் ஏறும்போதே மறந்துட்டேன்."