உப்புக் கிணறும் தங்கமீனும்

ஒரு தங்கமீன் எவ்வளவு உப்பைத் தாங்கும்? இதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

போன வருடம் என் கணவருக்கு மன்னார்ப் பக்கம் இடமாற்றம் வந்தது. நானும் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படிக்கும் மகளும் அலுவிகாரையில் உள்ள எங்கள் வீட்டிலேயே இருக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி வருவார். ஞாயிறு மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். அவர் கட்டிவிட்டுப் போன சாரத்தை நான் உடனே துவைப்பதில்லை.

இடமாற்றத்தில் போவதற்கு முன் மகளுக்கு ஒரு தங்கமீன் வாங்கிக் கொடுத்தார். காலையில் மீன் சாப்பிட்டதா இல்லையா என்று அப்பாவுக்குக் குரல் பதிவு அனுப்பிய பிறகுதான் அவள் பள்ளிக்கூடம் போகக் காலில் சப்பாத்துப் போடுவாள்.

புது வருடத்தில் நாங்களும் அங்கே போவதாகப் பேச்சு. பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. அவர் இருக்கும் வீடே போதும். ஆனால் அந்த வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். மீன் இல்லாமல் வரமாட்டேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள்.

தேடித் தேடி வாசித்தேன். தங்கமீன் நன்னீர் மீன்தான், ஆனாலும் கொஞ்சம் உப்பைப் பொறுத்துக்கொள்ளும், மெதுவாகப் பழக்கலாம் என்று ஓர் இடத்தில் இருந்தது. நோய்க்குச் சில நாட்கள் உப்புப் போடலாம், அதிலேயே வைத்திருக்கக் கூடாது என்று இன்னோர் இடத்தில். அளவுகளும் போட்டிருந்தார்கள். அந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்பதுதான் எனக்குத் தெரியாது. மழை பெய்தால் குறையுமாம், வெயில் காலத்தில் ஏறுமாம்.

அதனால் கிணற்றுத் தண்ணீரையே கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பெரிய சோடாப் போத்தலில் நிரப்பிக்கொண்டு வருவார். தொட்டித் தண்ணீரை மாற்றும்போது அதில் ஒரு கோப்பை கலப்பேன். மீன் இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. சில நாட்களில் அடியில் அசையாமல் கிடக்கும். உப்பா, மழைக்குளிரா, அல்லது சும்மா கிடக்கிறதா என்று தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எனக்கு முன்னால் எழுந்து அவரே தேத்தண்ணி போட்டுத் தந்தார். முதல் வாயிலேயே உப்புக் கரித்தது. திரும்பிப் பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்தில் சோடாப் போத்தல் பாதியாகக் குறைந்திருக்கிறது. அங்கே அவர் சமைக்கும் குசினியில் பைப் இல்லை. போத்தலில் பிடித்து வைத்துத்தான் புழங்குவார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் போத்தலை எடுத்துக் கேத்தலில் ஊற்றியிருக்கிறார்.

"உப்பா இல்லையாங்க?"

அவர் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். "இல்லையே. நல்லாத்தானே இருக்கு."

"மீன் தண்ணிய ஊத்திட்டீங்க."

"அப்ப மீனுக்கும் ஒரு கோப்பை குடு" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். போன புதிதில் தனக்கும் வாயில் வைக்க முடியவில்லை என்றும், இப்போது தெரிவதில்லை என்றும் சொன்னார். எழுந்து வந்த மகளுக்கு விஷயம் தெரிந்ததும், அப்பா உன் தண்ணியைக் குடித்துவிட்டார் என்று நேரே தொட்டியிடம் போய்க் கோள் சொன்னாள்.

நான் அந்தத் தேத்தண்ணியை முழுவதும் குடித்தேன். அவருடைய காலைகள் எப்படி இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். போனில் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று தினமும் கேட்கிறேன். தேத்தண்ணி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

ஞாயிறு, பஸ்ஸுக்கு நிற்கும்போது, குடிக்கிற தண்ணீரைக் கேனில் வாங்கலாமே என்றேன்.

"நீங்க வந்தா வாங்கலாம்" என்றார். "நான் ஒருத்தன்தானே, எதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்த வாரம் முழுவதும் அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. போவது என்று இப்போது முடிவாகிவிட்டது. பிள்ளைக்குக் கேன் தண்ணீர் கொடுத்துவிடுவோம். மீனுக்குத்தான் வழி தெரியவில்லை.

உப்புக் கிணறு உள்ள ஊர்களில் தங்கமீன் வளர்ப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் எழுதுங்கள். தொட்டிக்கும் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்களா, கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கிறீர்களா? நான் இங்கே கலந்து பழக்குவது சரியா, அல்லது இப்போதே நிறுத்த வேண்டுமா? அவ்வளவு தூரம் பஸ்ஸில் மீனை எதில் வைத்துக் கொண்டுபோவது என்பதையும் சொல்லுங்கள். மகளுக்குத் தெரியாமல் யாரிடமாவது கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.