அணிலாக்கிய ஜெபம்

மந்திரவாதிகள் வரும் கதைப் புத்தகங்களைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் வாசிக்கலாமா என்று எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் மறுபடியும் பேச்சு எழுந்திருக்கிறது. கூடாது என்பவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது ஒன்றைத்தான்: ஓர் அசன நாளில் பிள்ளைகள் பந்தியை விட்டு எழுந்து ஓடிய சங்கதி. பிள்ளைகளுக்குப் பேய் பிடித்தது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். நடந்ததை நான் சொல்கிறேன். அதற்கு என்னைவிட உரிமையுள்ளவர் யாரும் இல்லை. அந்தப் புத்தகத்தை வாசித்தவள் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அம்மா வாசலோரம் அமர்ந்து, உருளைத் தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, துணி ஓரத்தில் வைத்துத் தைக்கும் ரேந்தை பின்னுவாள். உப்பு வண்டி ஓட்டிய சித்தப்பா ஒருநாள் கோட்டாற்றுச் சந்தையிலிருந்து ஒரு கதைப் புத்தகம் வாங்கி வந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அட்டையில் வெள்ளைத் தாடி வைத்த கிழவர் ஒருவர் கையை உயர்த்தி நின்றார். ஏதோ பக்தியான புத்தகம் என்று எண்ணியிருக்கிறார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் உரக்க வாசிப்பேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி இருப்பார்கள். சித்தப்பாவின் கடைக்குட்டி மகள் என் மடியிலேயே ஏறிக்கொள்வாள். மூன்றாம் நாள் கதையில், தாடிக்கார மந்திரவாதி இளவரசனை அணிலாக மாற்றுகிற இடம் வந்தது. அங்கே மந்திரம் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. மந்திரத்தை நாவால் சொல்வதே பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் நிறுத்தினேன். பிள்ளைகள் விடவில்லை.

“மந்திரத்தச் சொல்லுட்டி! மந்திரம் சொல்லாம எப்படி அணிலாவான்?”

நியாயமான கேள்வி. பாவமும் ஆகக்கூடாது, கதையும் நிற்கக்கூடாது. எனக்குத் தெரிந்தவற்றில் கொஞ்சமும் பாவமில்லாத சொற்களைத் தேடினேன். சாப்பாட்டுக்கு முன் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லும் நாலு வரி ஜெபம் வாயில் வந்தது. மந்திரவாதி அந்த ஜெபத்தைச் சொன்னான்; இளவரசன் அணிலானான். அதன்பின் அவன் யாரை என்னவாக மாற்றினாலும் அதே ஜெபத்தைத்தான் சொன்னான்.

இந்தச் சமயத்தில்தான், வெளியூரில் இருக்கும் போதகருக்குப் பதிலாக எங்கள் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் எங்கள் வாசலுக்கு வந்தார். நாகர்கோவிலில் உள்ள பெண்கள் போர்டிங் பள்ளியில் என்னைச் சேர்க்கப் போதகரிடம் அவர்தான் சிபாரிசு செய்யவேண்டும். அட்டைப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இது என்ன பிள்ளே, மந்திரவாதிப் புஸ்தகம் மாதிரி இருக்கு?”

அம்மா எழுந்து நின்றாள். “இல்ல உபதேசியாரே, இது நம்ம வேதக்காரங்க புஸ்தகம். அந்தத் தாடிக்காரன் எப்பம் பாத்தாலும் ஜெபம் பண்ணுகான். நான் என் காதால கேட்டேன்லா?”

அம்மாவின் சொல்லை நம்பி அவர் போய்விட்டார். நானும் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கோயில் முற்றத்தில் அசனம். சபையார் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்து அது. ஓலைப் பந்தலின் கீழ் வரிசையாக வாழையிலை போட்டு, சோறு பரிமாறி, அண்டாவிலிருந்து இறைச்சிக் குழம்பும் ஊற்றியாயிற்று. வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர் ஜெபம் செய்ய எழுந்தார். வெள்ளை அங்கி, நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. கையை உயர்த்தி அந்த நாலு வரியைத் தொடங்கினார்.

வீட்டில் அப்பாமார் அதைச் சொன்னபோது ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குத் தாடி இல்லாததுதான் காரணம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள் போலும். சித்தப்பா மகள் முதலில் எழுந்தாள்.

“ஓடுங்கல! அணிலாக்கப் போறாரு!”

கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் பந்தி காலியாகிவிட்டது. சிலர் காதைப் பொத்திக்கொண்டு, சிலர் குழம்பை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் மறக்காமல் இறைச்சித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினான்.

விசாரணை அங்கேயே நடந்தது. சித்தப்பா மகள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்து புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்கள். கொண்டு வந்தேன். உபதேசியார் அண்டாவின் அடுப்பைக் காட்டினார்.

“அதுல போடு.”

“போட மாட்டேன்.”

“அப்பம் போர்டிங் பள்ளிக்கூடத்தயும் மறந்துருட்டி. புஸ்தகமா படிப்பா, எது வேணும்?”

“ரெண்டும் வேணும்” என்றேன்.

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அம்மா முன்னால் வந்து, “எம் பிள்ள மேல தப்பு இல்ல, அந்தப் புஸ்தகத்துலதான் ஜெபம் போட்டிருக்கு” என்றாள். பழியைப் புத்தகத்தின்மேல் போட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

“புஸ்தகத்துல ஜெபம் இல்ல. அது நான் சேத்தது. அதுல உள்ளத உள்ளபடி இப்பம் வாசிக்கேன். யாராவது அணிலா மாறினா நானே அடுப்புல போடுகேன்.”

உபதேசியார் பதறினார். போதகர் தாடியைத் தடவியபடி, “வாசி” என்றார்.

அந்தத் தடித்த எழுத்துகளை நான் அதுவரை மனத்துக்குள்கூட வாசித்ததில்லை. சபை முழுவதும் கேட்கும்படி, பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போல நிமிர்ந்து நின்று வாசித்தேன்: “ஆங்காரி ஓங்காரி, உருமாறு உருமாறு!”

ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் சிலர் தங்கள் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். சித்தப்பா மகள் மதிலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டித் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்று கேட்டாள். ஏமாற்றம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“சோறு ஆறிப்போச்சு வேய்!” என்று அண்டா பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. போதகர் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடியும் ஜெபம் சொன்னார். ஒரு பிள்ளையும் ஓடவில்லை. புத்தகம் என்னிடமே இருந்தது. போர்டிங் பள்ளிக்கான சிபாரிசையும் போதகர் தம் கையாலேயே எழுதினார். இவ்வளவு திடமாக வாசிக்கிற பெண்ணைக் கண்டதில்லை என்று சொன்னாராம். பந்தியை விட்டு ஓடிய பிள்ளைகளில் ஒருவர்கூட மந்திரவாதியாகவில்லை. இரண்டு பேர் இன்று ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். பெண்கள் சங்கத்துக்கு நான் சொல்லும் பதில் இதுதான். பிள்ளைகளைப் பயமுறுத்தியது புத்தகத்தில் இருந்த மந்திரம் அல்ல, அதை மறைத்ததுதான்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நான் குதித்துக்கொண்டே நடந்தேன். அம்மா பின்னால் மெதுவாக வந்தாள். குளத்தங்கரை வந்ததும் நின்றாள்.

“ஏட்டி, தெனமும் சாயங்காலம் வேதம் வாசிக்கியே, அது அதுல உள்ளதுதானா?”

“பின்ன என்னதாம்!” என்று சிரித்துவிட்டு முன்னால் ஓடினேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா ரேந்தைத் தலையணையைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்த எழுத்தெல்லாம் எனக்கும் சொல்லித் தா” என்றாள். மணலில் எழுதிக் காட்டினேன். பின்னல் வேலை பழகிய விரல்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. நான் போர்டிங் போகுமுன், அந்த மழைக்காலம் முடிவதற்குள், மாலை ஜெபத்தில் நான் வேதம் வாசிக்க, அவள் விரல் வரிக்கடியில் கூடவே நகர்ந்தது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டேன். விரல் அங்கேயே நின்றது. நான் வரியில் பின்னால் போய் அந்தச் சொல்லை வாசிக்கும்வரை நகரவில்லை.

என் வெற்றியைப் பார்த்து அம்மாவுக்கும் படிப்பில் ஆசை வந்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லித் திரிந்தேன்.