அண்ணன் சிரித்த படம்

இந்த நினைவு மலரின் முகப்பில் உள்ள படத்தைப் பார்த்திருந்தால் அண்ணன் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அடையாள அட்டைக்கு எடுத்தது. சண்டைக்குப் போகிறவர் போல முறைத்துக்கொண்டிருக்கிறார். ஊரையே படம் பிடித்தவருக்கு இதைத் தவிர ஒரு படம் இல்லையே என்று அழுதுகொண்டேதான் அதை அச்சகத்தில் கொடுத்தேன்.

அண்ணன் தெமோதரைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் காம்பரா ஒன்றில் பிறந்தார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். அம்மாவும் போனபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தபந்தம் நிற்க ஒரு படம் எடுத்தார்கள். அம்மாவுக்கென்று எங்களிடம் இருப்பது அது மட்டுமே. "கண்ண மூடிக்கிட்டு இருக்கிற அம்மாவ எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்று அண்ணன் தேம்பியது இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஆட்டோ ஓட்டினார். தோட்டத்துப் பழைய பங்களாவைத் திருத்தியபோது வெளியே போட்ட சாமான்களில் இரண்டு கேமராக்கள் கிடந்தன; கேட்டு வாங்கி வந்தார். ஒன்று பாக்ஸ் கேமரா. மற்றது மடக்குக் கேமரா. திறந்தால் ஆர்மோனியம் போலத் துருத்தி நீளும். துருத்தியின் ஓட்டைக்குக் கறுப்புக் குடைத்துணியால் ஒட்டுப் போட்டார். அப்படியும் வெளிச்சம் கசிந்து படத்தின் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். "அது சாமி போட்ட கையெழுத்துங்க" என்று சமாளிப்பார்.

எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அந்தக் கேமராக்களைக் கண்டு சொக்கிப்போய்ப் பிலிம் சுருள்களைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுருளுக்கு எட்டே படம். ஒவ்வொரு முறையும் எடுத்தவுடன் சாவியைத் திருகிப் பிலிமை நகர்த்த வேண்டும். மறந்தால் அடுத்த படமும் அதன் மேலேயே விழும். ஆகவே அண்ணனிடம் அவசரம் கிடையாது. முதலில் பேச்சுக் கொடுப்பார்.

"பெரியம்மா, பொட்டியில படுக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா சிரிங்க."

"போடா, கட்டையில போறவனே!" என்று பெரியம்மா திட்டிச் சிரிக்கும்போதே விசையைத் தட்டிவிடுவார். நம் வீட்டுச் சுவர்களில் பெரியவர்கள் பல் தெரியச் சிரிப்பது அவரால்தான். ஆனால் அவரை எடுக்கப் போனால், "நான் நின்னா யாரு எடுக்கிறது?" என்று நழுவிவிடுவார்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பின்னும் வாய் ஓயவில்லை. "என்னைய பொட்டியோட வச்சு எடுத்தீங்கன்னா, எந்திரிச்சு வந்து கேமராவப் புடுங்கிருவேன். வந்தவங்கள எடு, தங்கச்சி. பாக்ஸ் கேமராவுல ஒண்ணு மிச்சம் இருக்கு."

"அண்ணே, பேசாம படுங்க" என்று அதட்டினேன்.

இறுதிச் சடங்கு நாளில் மாமா கோபித்துக்கொண்டார். "வழக்கத்த விடலாமா?"

"அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காங்க மாமா. எல்லாரும் வாசலுக்கு வாங்க."

மாமா முனகிக்கொண்டே வந்து நின்றார். கேமராவை வயிற்றோடு அணைத்து ஒரு படம் எடுத்தேன்.

முகப்பு அச்சான பிறகு, முதலாண்டு நினைவு நெருங்கியபோதுதான் அந்தச் சுருளைப் பதுளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணனின் நண்பரிடம் கொடுத்தேன். கழுவிய படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாசலில் நீங்கள் எல்லோரும் நிற்கிறீர்கள். உங்கள் நடுவே, புகை போல, நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறார்!

அண்ணியிடம் காட்டினேன். "ஐயோ, இது நான் எடுத்ததாச்சே!" என்று அலறிவிட்டார். "கடைசியா அவர வெயில்ல உட்கார வச்சப்ப, சும்மா தட்டிப் பாத்தேன். 'நீயெல்லாம் கேமராக்காரியா?'னு சிரிச்சாரு. சாவியத் திருகணும்னு எனக்கு எங்க தெரியும்?"

நல்லவேளை, தெரியவில்லை! அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வேன்?

லயத்திலிருந்து அண்ணனைத் தார்ரோடுவரை தூக்கி வந்த அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும், பதுளை ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், முறை வைத்துத் துணைக்கு இருந்த ஆட்டோ நண்பர்களுக்கும், பிலிம் தந்த முகம் தெரியாத விருந்தாளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அழுது வீங்கிய முகங்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் சிரிக்கிறார். சவப்பெட்டி இல்லாமல் அண்ணனோடு நாம் எல்லோரும் இருக்கும் ஒரே படம் அது. அன்று வந்து நின்றீர்களே, அதற்கு நன்றி.