கைக்குழந்தையோடு வரக்கூடாதாம்

ஊறின தோலின் ஈர வாசனை, அதன்மேல் பேபி பவுடர்... பல்லாவரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை முதலில் ஞாபகம் வைத்திருப்பது என் மூக்குதான்.

ஏழு வீடு, ஒரே குழாய், எழுதாத சட்டம் ஒன்று. கடைசியாகப் பிள்ளை பெற்றவள்தான் அடுத்துப் பெறுகிறவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு பெற்ற பெரியவர்கள் தள்ளி நிற்க வேண்டும். "அவங்களுக்கு எல்லாம் மறந்து பூட்ச்சுமே, சும்மா பயமுறுத்துவாங்க" என்பது லைன் பேச்சு.

எனக்கு முன்னால் பெற்றவள் செல்வி. தோல் கம்பெனியில் கூலி வேலை. நான் பி.காம்... அந்தத் திமிர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே இறங்கிவிட்டது.

மகன் பால் குடிக்கவில்லை. அவன் அழ, அவனைவிடச் சத்தமாக நான் அழ, யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் பால் பவுடர் வாங்கக் கிளம்பினார்.

இடுப்பில் எட்டு மாதக் கவிதாவோடு வந்த செல்வி அவரை வாசலிலேயே மடக்கினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாமே, படிச்சவளாச்சேன்னு புள்ளய பொஸ்தகம் மாதிரி எட்டக்க புடிச்சினு கீற? நெஞ்சோட அணைச்சுப் புடி."

கவிதாவை வைத்தே செய்து காட்டினாள். என் மகன் குடித்தான்...

சில மாதத்தில் என் முறை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னதில் பாதி தப்பு. செல்வி வந்து திருத்தினாள்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? வயிறு எரிகிறது, அதற்குத்தான்.

போன மாதம் தாம்பரம் பக்கம் ஒரு திட்டம் தொடங்கினார்கள். முதல் பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களுக்கு, அவர்களைப் போன்ற தாய்மாரே துணையாம். எங்கள் லைன் சட்டம்தான், பேனரில் ஏறியிருக்கிறது. அன்றைக்குச் செல்வி இடுப்பில் இருந்த அதே கவிதா இப்போது ஏழு மாதப் பெண் குழந்தைக்கு அம்மா. அந்த வேலைக்கு ரொம்ப ஆசைப்பட்டாள். துணைக்குப் போனேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு மேடம். "ட்ரெயினிங்ல பேபி டிஸ்டர்ப் பண்ணும்மா. விட்டுட்டு வர முடியும்னா வாங்க."

பால் குடிக்கிற பிள்ளையை எங்கே விடுவாள்? "பரவால்ல மேடம்" என்று எழுந்துவிட்டாள். முகம் சுண்டிப்போய்விட்டது.

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க டிகிரியா? ஃப்ரீதானே? நீங்க வாங்களேன்."

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் நெஞ்சோடு அணைத்துத் தூங்குவது செல்போனைத்தான். நான் புதுத் தாய்க்குத் துணையா?

"தாய் வேணும்ன்றீங்க, கையில புள்ள இருக்கக் கூடாதுன்றீங்க. அப்ப இன்னாத்துக்கு மேடம் இந்த பேனரு?" பி.காம். தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது.

"கைட்லைன்ஸ் மேம்" என்றார்.

அன்றைக்கு எங்கள் லைனில் செல்வியிடம் யாரும் ஃபார்ம் நீட்டவில்லை. அழுகை கேட்டது, உள்ளே வந்தாள், அவ்வளவுதான்...

நேற்று கவிதா தெருவில் ஒரு சின்னப் பெண் பிரசவமாகி வீடு திரும்பியிருந்தாள். திட்டத்திலிருந்து ஒருவர் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனாராம். பிள்ளை பால் குடிக்கவில்லை. அவள் கவிதாவுக்குத்தான் போன் போட்டாள்.

அப்போது நான் கவிதா வீட்டில்தான் இருந்தேன். கூடவே ஓடினேன். அந்தப் பெண் வீட்டு வாசலில், போகிற காரியத்துக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதே என்று கவிதாவின் குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

"வேணாம் ஆன்ட்டி. இவ இல்லாம நான் எப்படிக் காட்டுறது?"

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.