ஐரிஷ்காரனின் சப்பாத்து

போன வருடம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் டூங்கபிக்குப் பக்கத்து நூலகமொன்றில் சனிக்கிழமைகளில் கதை எழுதப் பழக்கினார்கள். நானும் சேர்ந்தேன். ஐரிஷ் கூலித்தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய பகிடிக் கதைகள் என்றால் எனக்கு உயிர். அந்த வீடுகளில் தகப்பன் கத்துவார், பிள்ளைகள் வாய்க்கு வாய் கதைப்பார்கள், இல்லாததைச் சொல்லியே எல்லாரும் சிரிப்பார்கள். ஒருவருக்கும் மானம் போகாது. எங்கள் வீட்டிலோ தினமும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது.

குடும்பத்தைப் பற்றிச் சிரிப்புக் கதை எழுதி வரச் சொன்னார்கள். அப்பாவைத் தூக்கி ஐரிஷ்காரனாக்கினேன். அம்மாவின் சோற்றை உருளைக்கிழங்காக்கினேன். நடந்ததை மட்டும் மாற்றவில்லை.

அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோர் சந்திப்புக்கு வேலை முடிந்த கையோடு, மஞ்சள் மேலங்கியுடன் வந்தார். வகுப்பறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. உள்ளே போய், கோணலாக வெந்ததென்று கழித்துவிட்ட ஆறு பாண்களை ஆசிரியையின் மேசையில் அடுக்கினார். எதிர்க் கழிவறைக் கதவிடுக்கால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்போல் விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது, வரமுடியாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். கதையிலும் மகள் அப்படித்தான் ஒளித்து நின்றாள். சிரிப்பே அதில்தான்.

கதையை வாசித்தபோது நூலக வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அயர்லாந்தில் பிறந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியே என் அப்பாதான். ஆனால் ஏன் சப்பாத்தைக் கழற்றினார்? எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்களே?” என்றார்.

எத்தனை தடவை திருத்தியிருப்பேன்! அது என் கண்ணில் படவேயில்லை. படிப்புச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குள் ஒரு மனிதன் சப்பாத்தோடு போவான் என்றே எனக்குத் தோன்றவில்லை.

“தரை ஈரமாக இருந்தது” என்று புளுகிவிட்டு நிமிர்ந்தேன். கடைசிக் கதிரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைக் கூட்டிப்போக நேரத்தோடு வந்துவிட்டார். அவருடைய சப்பாத்துகள் வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்த அம்மா வாசலைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா காரைத் தெருவுக்கு எடுத்தார். பிறகு, “அந்த ஐரிஷ்காரன் நல்ல பகிடிக்காரன், என்ன?” என்றார்.

“ஓம் அப்பா.”

“பாணைக் கண்டதும் அந்த ரீச்சர் நல்லாச் சந்தோசப்பட்டவா. அதையும் எழுதியிருக்கலாம்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அண்டைக்கு உனக்கு நெற்போல் எண்டெல்லோ சொன்னனீ?”

கோபமாகக் கேட்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன். இத்தனை வருடம் அவருக்குத் தெரியாமல் இருந்ததை, முன்பின் தெரியாத பத்துப் பேர் சிரிக்கச் சிரிக்க நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“இல்லை அப்பா. ஒளிச்சு நிண்டனான்.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அப்பா தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, சப்பாத்தோடயே போயிருப்பனே பிள்ளை.”