பலகையைக் கழற்றச் சொன்னவன்

பலகைகளைக் கழற்றச் சொன்னவன் நான். தச்சர் தன் இஷ்டத்துக்குக் கழற்றினார் என்று விசாரணையில் சொன்னவனும் நான்தான். வேலை போய்விடும் என்ற பயம், வேறு காரணம் இல்லை.

வட இராக்கில், டைகிரிஸ் ஆற்றுக்குப் பக்கத்தில், அசீரிய நகரம் ஒன்று புதைந்து கிடந்த மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தோம். அளந்து வரைபடம் போடுவது என் வேலை. குழியின் செங்குத்தான மண்சுவரில்தான் காலம் அடுக்கடுக்காகத் தெரியும்: எரிந்த கூரையின் சாம்பல், அதன்மேல் வெள்ள வண்டல், அதற்கும் மேலே இன்னொருவர் வீட்டுத் தரை. சுவர் சரியாமலிருக்கப் பலகை வைத்து முட்டுக் கொடுப்பார்கள். கொடுத்தால் அடுக்குகள் மறைந்துவிடும். முட்டுக் கொடுக்கும் வேலையைச் செய்தவர் திருவட்டாறு பக்கத்துத் தச்சர். நம்மூர்க்காரர் என்று நானே சொல்லிச் சேர்த்துவிட்டவர்.

மழை ஓய்ந்த ஒரு மாலையில் பலகைகளைக் கழற்றச் சொன்னேன்.

"இருட்டதுக்குள்ள திருப்பி வச்சிரட்டா சார்? மண்ணு நனஞ்சு கெடக்கு."

"வச்சா நான் எதைப் பாத்து வரைய? காலைல நான் வரஞ்சு முடிச்சதும் வை, மக்கா."

விடிந்ததும் குழிக்குள் இறங்கிய உள்ளூர்த் தொழிலாளி மேல் சுவர் சரிந்தது. கைகளாலேயே மண்ணைப் பறித்தோம். வெளியே எடுத்தபோது வாய் நிறைய மண்.

தச்சரை ஊருக்கு அனுப்பினார்கள். அவருக்கு முன்பே செய்தி ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. ஆளைக் கொன்றவன் என்று எந்தக் கட்டடத்திலும் அவரைச் சாரம் கட்ட விடவில்லை. நான் கடைசிவரை வேலை பார்த்துவிட்டு வந்து நாகர்கோவிலில் வீடு கட்டினேன்.

எழுபது தாண்டிய பிறகுதான் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பதில் சொன்னது அவர் மகன்: "எங்ககிட்ட சொல்லி என்னத்துக்கு? சபையில சொல்லும்."

அவர்கள் ஊர்ச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக் முன்னால் நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இறங்கியதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இப்படி ஒத்துக்கிட ஒரு மனசு வேணும் சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். தச்சர் வாசலில் நின்றார். அவரிடம் ஒருவரும் போகவில்லை.

நான் போனேன்.

"இங்கயும் நீங்கதான் நல்ல பேரு வாங்குனிய," என்றார். "செத்தவனுக்க வீட்டுல சொன்னியளா?"

இல்லை என்றேன். போரில் அந்த ஊரே சிதறிப்போனது, விசாரித்தும் துப்புக் கிடைக்கவில்லை என்றேன்.

"அப்போ அங்க இப்பவும் கொன்னவன் நான்தான். எனக்க வீட்டுக்கும் இனி வராண்டாம் சார்."

மகனைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். அதற்குப் பின் நான் போகவில்லை.