ஐம்பதில் ஒட்டிய ஊசி

அந்த ஊசியை ஒட்டியவன் நான்தான்.

கை தவறி நேர்ந்ததன்று, அறியாமல் செய்ததுமன்று. அரக்கை உருக்கி, குச்சி முனையில் ஒரு துளி எடுத்து, ஊசியின் அடியில் வைத்து, அது ஐம்பதைக் காட்டும்படி பிடித்துக்கொண்டு, இறுகும்வரை வாயால் ஊதினேன். பிறகு கண்ணாடியை மூடி, திருகை முறுக்கி, விரல் ரேகை தெரியாமல் துடைத்தும் வைத்தேன். எவ்வளவு சுத்தமான வேலைக்காரன் நான்!

இத்தனை ஆண்டுகளில் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் பட்டறை வாசலில் நீங்கள் வந்து நிற்கப்போவதுமில்லை. அந்த ஒரு தைரியம்தான். தெரிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்தால் இன்றும் வாய் உலர்ந்துபோகிறது...

கீழக்கரையில் எனக்கொரு மோட்டார் பட்டறை. சங்கு வியாபாரம் செய்த குடும்பத்தின் இளையவர் ஜமால் முதலாளி, கொழும்பில் ஒரு தோட்டத் துரையிடமிருந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, கப்பலில் தூத்துக்குடிக்கு இறக்கி, ஊருக்கு ஓட்டிவந்தார். பச்சை நிறம். முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் மூடியைத் திறந்தால் ஓர் ஆளும் பெட்டியும் கொள்ளும். அப்போதே அது கிழட்டு வண்டி. ஆனாலும் அது தெருவில் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள்.

அதன் முகப்பில் நான்கு மீட்டர்கள். நான்கும் நாலு விதமாய்க் கூத்தடித்தன. பெட்ரோல் நிரம்பியிருக்கும், மீட்டர் காலி என்னும். விளக்கைப் போட்டால் பாட்டரி மீட்டர் துள்ளும். வேக மீட்டரின் ஊசி காற்றில் ஆடும் கொடிபோல் ஆடும். ஆயில் மீட்டர் புறப்படும்போது ஐம்பதில் நிற்கும். நாலைந்து மைல் ஓடி இஞ்சின் சூடானதும் சரசரவென்று இறங்கிப் பத்துக்கும் கீழே படுத்துவிடும்.

"மதுரை மெக்கானிக்கே கைய விரிச்சுட்டான் வேலு. நீ பாத்தாத்தான் ஆகும்" என்றார் ஜமால்.

அந்த ஒரு வார்த்தை போதுமே எனக்கு! தலைகால் புரியவில்லை.

முகப்புப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உப்புக்காற்றில் எர்த் ஒயர் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. சுரண்டித் தேய்த்து மாட்டியதும் பாட்டரி மீட்டர் அடங்கியது. பெட்ரோல் டாங்கின் மிதவையில் ஓட்டை. ஈயம் வைத்து அடைத்தேன். வேக மீட்டரின் கேபிளுக்கு கிரீஸ் போட்டேன். மூன்றும் சரியாயின. மூன்றும் பொய் சொல்லிக்கொண்டிருந்தவை.

ஆகவே நான்காவதும் பொய்தான் சொல்கிறது என்று முடிவுகட்டினேன்.

ஏன் அப்படி நினைத்தேன்? ஆயில் மீட்டருக்கு ஒயரே கிடையாது. இஞ்சினிலிருந்து சன்னமான செப்புக் குழாய் ஒன்று ஆயிலின் அழுத்தத்தை நேரே அதற்குக் கொண்டுவருகிறது. உப்புக்காற்று அதை என்ன செய்துவிடும்? சூடேறும்போது ஊசி விழுந்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொழில் பழக வந்த முதல் வருஷமே இது எனக்குத் தெரியும். ஆனால் இஞ்சினைப் பிரித்தால் இரண்டு வாரமாகும். ஜமாலுக்கு மறுநாளே வண்டி வேண்டும்.

அந்த அவசரத்துக்குக் காரணம் அவருடைய அண்ணன், காசிம் காக்கா. அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம். ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார். மனைவியும் நாலு வயது மகனும் அங்கே. தாயார் இறந்த சேதி கேட்டுத் தனியாக வந்தவர். இலங்கைக்குத் திரும்ப அவரிடம் ஒரு பெர்மிட் இருந்தது. குறித்த நாளுக்குள் அக்கரையில் கால் வைக்கவேண்டும். தவறினால் அது வெறும் காகிதம். அந்தக் கெடு முடியும் நாளும், தாயாருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

"உம்மாவுக்கு நாப்பது ஓதாமப் போக மாட்டேன்" என்று காக்கா சொல்லிவிட்டார். காலையில் ஓதி முடித்து, ராமநாதபுரம் போய், நண்பகல் ரயிலைப் பிடித்தால் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி அன்றைக்கே அக்கரை சேரலாம். அதற்காக ஊரின் ஒரே வாடகைக் காரைச் சொல்லி வைத்திருந்தார். தம்பியின் வண்டியில் அவருக்கு நம்பிக்கையில்லை.

"ஊசி இப்படி விழுந்துக்கிட்டே கெடந்தா காக்கா ஏற மாட்டாக. நம்ம வண்டியில அவுகளக் கொண்டுபோயி விடணும்னு எனக்கு ஒரு ஆச. ஊசி நிக்கணும் வேலு, அவ்வளவுதான்."

நிற்க வைத்தேன். செப்புக் குழாயை நசுக்கி அடைத்துவிட்டு ஊசியையும் ஒட்டினேன்.

வண்டியை எடுக்க வந்தவர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நிப்பாட்டுன பொறகும் அம்பதுலயே நிக்குதே?"

"ஆயில் நிறைய ஊத்தியிருக்கேன் மொதலாளி. அதான்."

என் வாய்க்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். வீட்டுக்குப் போனதும் வாடகைக் காரை வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, அந்த வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் கொட்டுவதற்காகச் சட்டியை வெயிலுக்குக் கொண்டுவந்தேன். அடியில் ஏதோ மினுக்கியது. விரலை விட்டு எடுத்தேன். நுனியெல்லாம் உலோகப் பொடி. பேரிங் பொடியாகி ஆயிலில் கலந்து கிடந்தது. அந்த வண்டியில் உண்மை சொன்னது ஆயில் மீட்டர் ஒன்றுதான். அதன் வாயைத்தான் நான் கட்டியிருந்தேன்.

ஓடினேன்... சொல்லிவிடத்தான் ஓடினேன். இதையாவது நம்புங்கள்.

வீட்டுக்குள் ஓதும் சத்தம் கேட்டது. வாசல் நிறைய மனிதர்கள். ஜமால் என்னைக் கண்டு கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "இந்த வேலுதான் எல்லா மீட்டரையும் சரி பண்ணுனது" என்று அத்தனை பேரிடமும் சொன்னார். அந்தக் கூட்டத்தில் நான் எப்படிச் சொல்வேன்? உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். நெய்ச்சோறு வைத்தார்கள், தின்றேன். விரல் நுனியில் அந்தப் பொடி முழுதாகப் போகவில்லை. அதே கையால் தின்றேன்.

"பின்னால ஏறி காக்கா பொட்டியப் பிடிச்சுக்க வேலு. நீ கூட வந்தா எனக்கும் தெம்பு" என்றார் ஜமால்.

ஏறிவிட்டேன்.

அந்தப் பயணத்தின் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனைகள் பின்னால் ஓடின. என் காது இரண்டும் இஞ்சினிலேயே இருந்தன. மெதுவாக ஓட்டினால் தப்பிவிடும் என்று ஒரு நினைப்பு. ஜமாலோ தன் வண்டியில் முதன்முதலாக அண்ணன் ஏறிய சந்தோஷத்தில் விரட்டினார். "மெதுவாப் போ தம்பி, நேரமிருக்கு" என்று காக்கா இரண்டு மூன்று தடவை சொன்னார். என் உள்ளங்கை வேர்வையில் பெட்டியின் கைப்பிடி வழுக்கியது.

திருப்புல்லாணி நெருங்கும்போது அடியிலிருந்து ஒரு தட்டல். டொக்... டொக்...

காக்காவுக்கும் கேட்டுவிட்டது. "ஏதோ தட்டுதே தம்பி?"

ஜமால் ஒற்றை விரலால் மீட்டரின் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "ஊசியப் பாருங்க காக்கா. அம்பது. அசையவே இல்ல." பிறகு தலையைத் திருப்பி, "என்ன வேலு, என்ன சத்தம்?" என்றார்.

அப்போதாவது... அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நிறுத்துங்கள் என்று ஒரு சொல். நிறுத்தி, ஆற விட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு போயிருந்தாலும் ரயிலைப் பிடித்திருக்கலாம். ஆனால் ஏன் நிறுத்தவேண்டும் என்று கேட்பாரே! அதற்கு என்ன சொல்வேன்?

"ரோட்டுச் சத்தம் மொதலாளி" என்றேன்.

திருப்புல்லாணியைத் தாண்டியதும் இரும்பை இரும்பு கடிப்பதுபோல் ஓர் ஓசை. சக்கரம் இழுத்துக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பி நின்றது. இஞ்சின் இறுகிவிட்டது. அதன்பிறகு சுற்றிலும் காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது.

வெறிச்சோடிய சாலை. வெகுநேரம் கழித்து ஒரு மாட்டுவண்டி வந்தது. அதில் ஏறி நாங்கள் ஸ்டேஷனை அடைந்தபோது தண்டவாளம் காலியாகக் கிடந்தது. காக்கா மறுநாள் ரயிலில் தனுஷ்கோடிக்குப் போய்ப் பார்த்தார். கெடு முடிந்த பெர்மிட் என்று கப்பலில் ஏற்றவில்லை.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்த பாவம் இதுகூட இல்லை. இதைவிடப் பெரியதை அந்தச் சாலையிலேயே செய்தேன்.

வண்டி நின்றதும் ஜமால் இஞ்சின் மூடியைத் திறந்து, புகையைப் பார்த்துக்கொண்டு, அழுகிற குரலில் கேட்டார்: "ஊசி நல்லாத்தானே நின்னுச்சு வேலு? பின்ன எப்படி?"

காக்கா பக்கத்தில் நின்றார். இருவரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பதில் தானாக வெளியே வந்தது.

"மீட்டரு என்ன மொதலாளி செய்யும்? நீங்க மிதிச்ச மிதிக்கு எந்த இஞ்சின் தாங்கும்?"

காக்கா தம்பியைப் பார்த்து, "மெதுவாப் போன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். அவ்வளவுதான். அவர் ஜமாலிடம் கடைசியாகப் பேசியது அது.

கொழும்புக் கடை கூட்டாளியின் கைக்குப் போனது. புதிதாகப் போட்ட மனுக்கள் திரும்பி வந்தன. மனைவி அந்த ஊர்ப் பெண். அவளுடைய வீட்டார் அவளை இங்கே அனுப்பவில்லை. மகனைக் காக்கா பிறகு பார்க்கவேயில்லை. இப்போது கடைத்தெருவில் பீங்கான் சாமான் விற்கிறார். ஜமால் அன்றோடு வண்டி ஓட்டுவதை விட்டார். ஒரே தெருவில் அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பட்டறையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பச்சை வண்டி சங்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் படுதாவுக்குள் கிடந்தது. எவனாவது ஒரு மெக்கானிக் அந்தக் கண்ணாடியைக் கழற்றினால்? இந்தப் பயத்தில் எத்தனை நாள் சோறு இறங்காமல் எழுந்திருக்கிறேன்! "வண்டியப் பிரிச்சு வைக்கட்டுமா மொதலாளி?" என்று நைசாகக் கேட்டும் பார்த்தேன். "அத யாரும் தொட வேண்டாம்" என்றுவிட்டார்.

போன வருஷம் அதைப் பழைய இரும்புக்குப் போட்டார். சேதி கேட்டு விழுந்தடித்துக்கொண்டு போனேன். முகப்புப் பலகையில் மூன்று மீட்டர்கள் இருந்தன. நான்காவது இருந்த இடத்தில் ஓட்டை.

ஜமால் உள்ளேயிருந்து ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்தார். "இத நானே கழத்துனேன். வண்டியே போயிருச்சு, இது இன்னும் அம்பதுலயே நிக்குது பாரு. நீ பாத்த வேல. நீயே வச்சுக்க."

இஞ்சினை விட்டுக் கழற்றிய மீட்டர் ஐம்பதைக் காட்டாது. குழந்தைக்குக்கூட விளங்கும் விஷயம். அவருக்கு விளங்கியதா? தெரிந்துதான் கொடுத்தாரா? நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது ஜமால் படுத்த படுக்கை. தேற மாட்டார் என்கிறார்கள். காக்காவிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும், ஒருமுறை வரச்சொல்லுங்கள் என்று ஆள்மேல் ஆள் விடுகிறாராம். என்ன விஷயம்? எனக்குத்தான் தெரியுமே... அல்லது வெறும் மன்னிப்புதானோ? இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து வேகிறேன்.

நேற்றுக் காலை காக்கா கடையைத் திறக்காமல் நேரே என் பட்டறைக்கு வந்தார். இருமிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவன் கூப்பிடுறான் வேலு. போறதா வேண்டாமான்னு மனசு ஒரு நிலையில இல்ல. நீ அன்னைக்குக் கூட இருந்தவன். ஒன்னையே கேக்குறேன். தப்பு அவன் மிதிச்சதுலயா, வண்டியிலயா? வண்டியிலன்னு சொல்லு, இப்பவே போறேன்."

அவர் கண்கள் என்னிடம் கெஞ்சின. போவதற்கு ஒரு காரணம் தேடித்தான் வந்திருந்தார். அதைக்கூடப் புரிந்துகொள்ளாத மடையனல்ல நான்.

அவர் போனால் ஜமால் சொல்லிவிடுவார். அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

"மிதிச்சதுலதான் காக்கா" என்றேன்.

காக்கா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். ஜமாலின் வீடு இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பிக் கடைக்குப் போனார்.